மலைக்குளிரில் மாவுக்கு உறை

கம்பத்தில் மாலையில் கரைத்து வைத்த இட்லிமாவு விடிவதற்குள் பொங்கி வழியும். அதே மாவைக் கம்பம்மெட்டுக்குக் கொண்டுபோய் ஆடிச் சாரலில் வைத்தால் மறுநாள் மதியம்வரை அசையாது. மலையில் குடியேறிய குடும்பங்கள் அறிந்த சங்கதிதான். குற்றம் குளிருடையது, "கைராசி இல்லாதவள்" என்று மருமகளைச் சொல்ல வேண்டாம்.

இட்லிமாவுக்கு நாம் உறை ஊற்றுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டியிருக்கும் லூக்கோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிரே அதை உப்பச் செய்கிறது என்று 1965-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். கேரளத்தில் கள்ளப்பத்துக்குக் கள்ளே உறை. மேல்நாட்டார் ரொட்டிக்குப் புளிமாவு வைத்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1849-ல் தொடங்கிய பூடின் ரொட்டிக்கடை, அன்றைய புளிமாவையே இன்றும் வளர்த்து வருவதாகச் சொல்கிறது. உறைமோரை நாள்தோறும் காக்கும் நமக்கு இதில் வியப்பென்ன!

நாமும் செய்யலாம். கண்ணாடிப் புட்டியில் 50 கிராம் முழுக்கோதுமை மாவும், கொதித்து ஆறிய 50 மில்லி நீரும் கலந்து, இறுக்காமல் மூடி, அடுப்பங்கரையில் வையுங்கள். மறுநாள் முதல் தினமும் 50 கிராம் கலவையை நிறுத்திக்கொண்டு, அதே அளவு மாவும் நீரும் சேர்க்க வேண்டும். எடுத்ததைத் தொடக்க நாட்களில் எறிந்துவிடுங்கள்; மாவு நன்றாகப் பழகிய பிறகு எடுப்பது தோசைக்கு ஆகும்.

இரண்டாம் நாளே குமிழிகள் வரும்; பலர் மகிழ்ந்துபோவார்கள். மூன்றாம், நான்காம் நாள் எல்லாம் அடங்கிவிடும். செத்துவிட்டது என்று கொட்டுவது இந்தக் கட்டத்தில்தான். கொட்டாதீர்கள்! முதலில் பொங்கியவை பெரும்பாலும் லூக்கோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். புளிப்பு ஏற ஏற அவை ஒடுங்கும். புளிப்பைத் தாங்கும் ஈஸ்டும் வேறு பாக்டீரியாக்களும் அதன்பிறகே தலையெடுக்கும். சமவெளியில் ஒரு வாரம் போதும். மலையில் இரண்டு வாரமும் ஆகலாம். மாவு ஊட்டிய சில மணி நேரத்தில் இரு மடங்காக உயர்ந்தால் பக்குவம். புட்டியில் ரப்பர் வளையம் மாட்டி வைத்தால் உயரம் தெரியும்.

மேலே சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கினால் அது பசி, கலக்கி ஊட்டுங்கள். ஆனால் பூஞ்சையோ, இளஞ்சிவப்பு, ஆரஞ்சுக் கறையோ கண்டால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். தினமும் ரொட்டி சுடாதவர்கள் குளிர்பெட்டியில் வைத்து வாரம் ஒருமுறை ஊட்டினால் போதும்.

ஊர் மாறிப் போகிறவர்கள் பழகிய மாவைத் தட்டில் மெல்லியதாகப் பூசி, நிழலில் காயவைத்து, பொடித்துப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். போன இடத்தில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து மாவு ஊட்டினால் சில நாட்களில் மீண்டும் பொங்கும்.