கொடிக்காற் கிணற்றிற்கு மாற்று மோட்டார் தேர்தல்

வைகைக் கரையிலுள்ள சோழவந்தான் வெற்றிலையாற் பெயர்பெற்ற ஊர். 2023ஆம் ஆண்டில் அதன் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அகத்தியைப் பற்றிப் படரும் அக்கொடி நிழலையும் ஈரத்தையும் ஒருங்கே வேண்டுவது; நீர் தேங்கின் அழுகும், வறளின் வாடும். ஆற்றிலும் வாய்க்காலிலும் நீர் வாராத நாட்களில் அதன் உயிர் கிணற்றைப் பற்றியது. கிணற்றின் பயனோ மோட்டாரைப் பற்றியது. சென்ற சித்திரையில் எங்கள் கொடிக்காற் கிணற்று மோட்டார் கருகிற்று. அதனை மாற்றுங்கால் யாம் கற்ற பாடத்தை நம் கல்லூரி நண்பர்க்கு, சிறப்பாக உழவர் குடியிற் பிறந்தார்க்கு, எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய மோட்டார் 5 குதிரைத்திறன் உடையது. அதற்கு ஈடாக 7½ குதிரைத்திறன் மோட்டாரை வாங்க எந்தையார் கருதினார். பெரியது வாங்கின் நீர் மிகுதியாக வரும், எளிதிற் கருகவும் செய்யாது என்று கடையொன்றிற் கூறினர். யானும் அதனை மெய்யென்றே நம்பினேன். காயில் கட்டும் பெரியவர் ஒருவர் மட்டும் என்னை நோக்கி, “தம்பி, தண்ணீர் இறைப்பது பம்பு. பம்பு கேட்கிற வலுவைத்தான் மோட்டார் கொடுக்கும்” என்றார். அச்சிறு மொழியின் பொருளையே ஈண்டு ஆராய்வோம்.

திருக்குறளின் வலியறிதல் என்னும் அதிகாரம், செய்யும் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவலி என நான்கனையும் சீர்தூக்குமாறு பணித்துத் தொடங்குகின்றது. போர்மேற் செல்லும் அரசற்குக் கூறிய அவ்வரிசை மோட்டார் வாங்கப் புகும் உழவற்கும் நன்கு பொருந்துவதாம்.

1. வினைவலி

முதற்கண் அறியவேண்டுவது, எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் ஏற்றுகின்றோம் என்பது. பம்பு நன்கு ஓடிய நாளில் 200 லிட்டர்ப் பீப்பாய் 25 வினாடியில் நிறைந்ததைக் கண்டிருந்தோம். ஆகவே வினாடிக்கு 8 லிட்டர். நீர்மட்டத்தினின்று தொட்டிவாய் வரை செங்குத்தாக 20 மீட்டர். குழாயின் உராய்வுக்கும் வளைவுகளுக்கும் 4 மீட்டர் கூட்டின் 24 மீட்டர். ஒரு லிட்டர் நீரை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 9.8 வாட் வேண்டும். எனவே 8, 24, 9.8 மூன்றையும் பெருக்க ஏறத்தாழ 1,880 வாட் ஆகும். ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆதலின் இது 2½ குதிரைத்திறன். பம்பு தான் பெறும் வலுவில் நூற்றுக்கு 60 பங்கே நீருக்குத் தருமெனக் கொள்ளின், மோட்டார் தரவேண்டுவது 4.2 குதிரைத்திறன். ஆகவே 5 குதிரைத்திறன் மோட்டாரே போதும். சிறிது மிச்சமும் உண்டு.

அதே பம்பில் அதே வேகத்தில் 7½ குதிரைத்திறன் மோட்டாரைப் பூட்டினாலும் பம்பு கேட்பது 4.2 தான். ஒரு சொட்டு நீரும் மிகாது. மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. கிணற்று மேடையிலிருக்கும் பம்பிற்குக் கீழிருந்து நீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தமே. அவ்வழுத்தம் கணக்கின்படி 10.3 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றமாட்டாது; நடைமுறையில் 7 மீட்டரே எல்லையெனலாம். கோடையில் நீர்மட்டம் அவ்வெல்லைக்குக் கீழே இறங்கின், எத்துணைப் பெரிய மோட்டாரும் பயன்படாது. பம்பையே கீழிறக்கல் வேண்டும்.

2. தன்வலி

இரண்டாவது, பழைய மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படித்தல். துருவைத் துடைத்து நோக்கினால் குதிரைத்திறன், வோல்ட், ஆம்பியர், ஃபேஸ், நிமிடச் சுழற்சி ஆகிய யாவும் அதில் இருக்கும். 1937ஆம் ஆண்டளவில் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் கோயம்புத்தூரில் மோட்டார்த் தொழில் தோன்றியது. இன்று அந்நகரின் மோட்டார்கள் பல பெயர்களில் விற்கின்றன. பெயர் எதுவாயினும் தகட்டின் எண்களே நமக்கு வழிகாட்டி.

அவற்றுள் யாவரும் புறக்கணிப்பது நிமிடச் சுழற்சி. நம் நாட்டு மின்சாரத்தில் இருதுருவ மோட்டார் ஏறத்தாழ 2,880 முறையும், நான்குதுருவ மோட்டார் ஏறத்தாழ 1,440 முறையும் சுழலும். பக்கத்துத் தோட்டத்தார் ஒருவர், களத்தில் கிடந்த 1,440 சுழற்சி மோட்டாரை, குதிரைத்திறன் ஒன்றே என்று கருதி, 2,880 சுழற்சிக்கு அமைந்த பம்பிற் பூட்டினார். மோட்டார் இனிது ஓடிற்று. நீர்தான் மேலே வரவில்லை. காரணம் எளிது. வேகம் பாதியானால் பம்பு ஏற்றும் உயரம் நாலில் ஒன்றாகும். 24 மீட்டர் ஏற்றுவது 6 மீட்டரே ஏற்றும். மாறாக, வேகம் இரட்டித்தால் வேண்டும் வலு எட்டு மடங்காகி மோட்டார் கருகும்.

நகரங்களில் வீட்டு நீச்சற்குளம் வைத்திருப்போர்க்கு இவ்விதியே ஆதாயமாகின்றது. அங்கே நீர் குளத்தினின்று வடிகட்டிக்குச் சென்று குளத்திற்கே மீள்கின்றது. வெல்லவேண்டுவது உராய்வு ஒன்றே. அங்கு வேகத்தைப் பாதியாக்கினால் வலு எட்டில் ஒன்றாகும். இருமடங்கு நேரம் ஓடினும் செலவு நாலில் ஒன்றளவே. கிணற்றிலோ உயரம் என்னும் கடன் குறையாது நிற்றலின் அவ்வழி செல்லாது.

பம்பும் மோட்டாரும் தனித்தனியே இருந்து இணைப்பால் கூடுவனவாயின், தண்டின் உயரம், தண்டின் பருமன், அடித்தளத் துளைகளின் இடைவெளி ஆகியவற்றையும் அளந்து செல்க. தண்டுகள் ஒரு நேர்கோட்டில் அமையாவிடின் பேரிங்கு விரைவில் தேயும்.

3. மாற்றான்வலி

மூன்றாவது, பழைய மோட்டாரைக் கொன்ற பகை எது என்று அறிதல். இதனை அறியாது புதியதை வாங்குதல், பாம்பிருக்கும் புற்றிற் கையிடுதல் போலும். எங்கள் மோட்டார் கருகியதற்குக் காரணம், ஓடும்போதே மூன்று ஃபேஸில் ஒன்று நின்றமை. எஞ்சிய இரண்டும் மிகை மின்னோட்டத்தைத் தாங்கமாட்டாமல் காயில் வெந்தது. 7½ குதிரைத்திறன் மோட்டாரையும் அப்பகை இவ்வாறே கொன்றிருக்கும்.

மற்றொரு பகை மின்னழுத்தக் குறைவு. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையின் மோட்டாரின் திருப்புவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அது சுமையை இழுக்க மின்னோட்டத்தை மிகுதியாக உண்டு சூடேறும். ஈண்டு நம் கடமையும் உண்டு. மோட்டார் நேராகத் தொடங்கும் கணத்தில் முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரை நம்பியுள்ள அனைவரும் வேண்டியதினும் பெரிய மோட்டாரைப் பூட்டின், ஒருவர் தொடங்குங்கால் மற்றவர் மோட்டார் தளரும். தமிழ்நாட்டில் உழவர்க்கு 1990 முதல் மின்சாரம் இலவசமாதலின், பெரிதால் இழப்பென்ன என்பார் உளர். அவர் இழப்பது அயலாரின் மோட்டாரை. ஒருநாள் தம்முடையதையும் இழப்பர். அனுமதி பெற்ற குதிரைத்திறனுக்கு மேற் பூட்டுதல் விதிக்கும் மாறாகும்.

4. துணைவலி

நான்காவது, மோட்டாருக்குத் துணை நிற்பன: ஸ்டார்ட்டர், அதன் மிகைச்சுமைக் காவல், ஒரு ஃபேஸ் நின்றால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி, தக்க பருமனுள்ள கம்பி, நல்ல மண்ணிணைப்பு, கசியாத ஃபுட்வால்வு. கிணற்றுமேடை ஈரமான இடமாதலின் மண்ணிணைப்பு மோட்டாருக்கன்று, நம் உயிருக்கே காவல். பொருத்தியபின் சுழலும் திசையை அம்புக்குறியோடு ஒப்பிட்டு நோக்குக. மாறியிருப்பின் மூன்று கம்பிகளில் இரண்டை மின்வினைஞர் இடம் மாற்றித் தருவார்.

முடிவுரை

இக்கணக்கைத் தாளில் எழுதி எந்தையாரிடம் காட்டினேன். அவர் இருமுறை படித்து, 5 குதிரைத்திறனே வாங்குவோம் என்றார். மிச்சமான பணத்தில் ஃபேஸ் காவலும் புதுக் கம்பியும் வாங்கினோம். அதுகாறும் அயலார் முறைவைத்துத் தந்த நீரே கொடிக்காலைக் காத்தது. எனினும் மேலை ஓரத்துக் கொடிகள் சில பட்டுப்போயின. புதிய மோட்டார் ஓடிய அன்று பழைய பீப்பாயை வைத்துப் பார்த்தோம். 25 வினாடியில் நிறைந்தது. வைகாசியில் எஞ்சிய கொடிகள் தளிர்த்தன. அதன்பின் ஃபேஸ் நின்ற ஓர் இரவு மோட்டார் தானே நின்றது. காலையில் யாதொரு பழுதுமின்றி மீண்டும் ஓடிற்று. பெரிதை நாடுமுன் வேண்டுவதை அளந்தறிதல் நன்று என்பதை யான் கற்றது அக்கிணற்றங்கரையிலேயாம்.