குழந்தைக்கு முதல் கண்ணாடி: தம்மம்பட்டிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கண் மங்கலாகத் தெரிகிறது என்று சின்னக் குழந்தை சொல்லாது. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு கண் மட்டும் மங்கல் என்றால் இன்னும் சிக்கல். நல்ல கண்ணை வைத்தே ஓடும், ஆடும், படம் வரையும். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. இதற்குள் மூளை அந்த மங்கலான கண்ணை ஒதுக்கிவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால், கண்ணாடி போட்டும் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைத்தும் பெரும்பாலும் பார்வையை மீட்டுவிடலாம். வயது ஏற ஏற அது கடினம். அதனால்தான் குழந்தை சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது.

1. எப்போது காட்டுவது?

குறை எதுவும் தெரியாவிட்டாலும், எல்.கே.ஜி.யில் சேர்க்கும் முன் ஒருமுறை. சிறுவயதிலேயே கண்ணாடி போட்டவர்கள் குடும்பத்தில் இருந்தால் இன்னும் முன்னதாக. குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பிறந்த ஒரு மாதத்துக்குள் பார்க்க வேண்டும். கண்ணின் பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால், போட்டோவில் தெரிந்தாலும் சரி, மறுநாளே டாக்டரிடம் போங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் மாறுகண் இருந்தால், அது அதிர்ஷ்டம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், காட்டிவிடுங்கள்.

2. வீட்டில் கவனியுங்கள்

டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறதா, தலையைச் சாய்த்துப் பார்க்கிறதா, கண்ணைச் சுருக்குகிறதா என்று பாருங்கள். விளையாட்டுப்போல ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மறையுங்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது மட்டும் குழந்தை கையைத் தள்ளிவிட்டால், மறைக்காத மற்றக் கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம்.

3. எங்கே போவது?

2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். எந்தத் தேதி என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தரத் தமிழக அரசு 2009இல் கண்ணொளி காப்போம் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது எப்படிப் பெறுவது என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். ஆனால் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் நடக்கும் பரிசோதனை ஒரு முதல் சல்லடைதான். சந்தேகம் இருந்தால் ஆத்தூர் அரசு மருத்துவமனைக்கோ, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ, சேலம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ போங்கள். சேலம் என்றால் ஒரு நாள் போய்விடும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அதற்கேற்பத் திட்டமிடுங்கள். குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று முன்பே போனில் கேட்டுக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

4. பரிசோதனை நாளில்

குழந்தையைத் தூங்க வைத்து, வயிறு நிறையச் சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் கவலை இல்லை; வீடு, ஆப்பிள் போன்ற படங்களைக் காட்டியோ, மூன்று கால் உள்ள வடிவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டோ பார்ப்பார்கள். முந்தின நாளே மூன்று விரலை நீட்டி மேல், கீழ், இடம், வலம் காட்டும் விளையாட்டைப் பழக்குங்கள். ஊசி போடுவார்கள் என்று மட்டும் பயமுறுத்தாதீர்கள்.

5. சொட்டு மருந்தைத் தவிர்க்காதீர்கள்

சிறுவர்களின் கண் தானாகவே அழுத்தமாகக் குவிந்து பவரை மறைத்துவிடும். சொட்டு மருந்தோ களிம்போ போட்டு கண்ணைக் குவிக்கும் தசையைத் தளர்த்திய பிறகுதான் சரியான பவர் கிடைக்கும். அதனால் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்த பவரை மட்டும் நம்பி முதல் கண்ணாடி வாங்க வேண்டாம். மருந்து போட்டால் வெயில் கூசும், பக்கத்தில் இருப்பது மங்கும், தொப்பி கொண்டுபோங்கள். அட்ரோபின் களிம்பு என்றால் இது பல நாள் நீடிக்கலாம். அதை வீட்டில் போடச் சொன்னால், போட்டதும் கையைக் கழுவுங்கள், டியூபைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். முகம் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

6. கடையில்

கண்ணாடி லென்ஸ் வேண்டாம், விழுந்தால் உடையும். எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள். பிரேம் மூக்கில் வழுக்காமல், லென்ஸின் நடுவில் பாப்பா வருமாறு இருக்க வேண்டும். வளரட்டும் என்று பெரிதாக வாங்கினால் குழந்தை கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும். காதுக்குப் பின்னால் மாட்ட ஒரு பட்டையும் வாங்குங்கள். நிறத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். சீட்டில் உள்ள பவர்தான் லென்ஸில் இருக்கிறதா என்று கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

7. போட்டுப் பழக

டாக்டர் வேறுமாதிரி சொல்லாதவரை, எழுந்ததிலிருந்து தூங்கும்வரை போட வேண்டும். முதல் வாரம் கழற்றி வீசும். திட்டாமல் திரும்ப மாட்டிவிட்டு, பிடித்த கார்ட்டூனைக் காட்டுங்கள். லென்ஸைச் சேலைத் தலைப்பால் தண்ணீர் விடாமல் துடைக்க வேண்டாம். தண்ணீரும் துளி சோப்பும் போட்டுக் கழுவிப் பருத்தித் துணியால் ஒற்றுங்கள். கண்ணாடி போட்டால் பவர் கூடும் என்பது பொய். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்கும் பெரியவர்களிடம், போடாவிட்டால் பார்வை பாதிக்கப்படலாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

8. அடுத்த தேதி

கண் வளர வளர பவர் மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது டாக்டர் குறித்த தேதியில் காட்டுங்கள். கண்ணை மறைக்கும் சிகிச்சை நடந்தால் இன்னும் சீக்கிரம். பழைய சீட்டையும் பழைய கண்ணாடியையும் கையோடு எடுத்துப் போங்கள். தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் விளையாட விட்டால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறையும். கடைசியாக ஒன்று: ஒரு பிள்ளைக்குப் பவர் வந்திருந்தால், தம்பி தங்கையையும் அதே நாளில் காட்டிவிட்டு வாருங்கள்.