மூச்சுத் திணறிய மகிழுந்து

காலையில் கோலாலம்பூரில் கலன் நிறையப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவருடைய மகிழுந்துக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. கார்புரேட்டர் பொருத்திய பழைய வகை. தஞ்சோங் மாலிமை நெருங்கும்போது இயந்திரம் குலுங்கி, வேகம் குறைந்து, நின்றே போனது. அவசரத் தடத்தில் மகிழுந்தை ஒதுக்கிவிட்டு, பேரனை அழைத்துக்கொண்டு தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நின்றார். லாரிகள் ஒவ்வொன்றாகச் சீறிக் கடந்தன. இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடவாததுபோல் மகிழுந்து கிளம்பியது. அந்த மாதத்தில் அது மூன்றாம் முறை. எரிபொருள் பம்பையும் வடிகட்டியையும் அவர் ஏற்கெனவே மாற்றியிருந்தார்.

ஈப்போவில் ஒரு பட்டறைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, வண்டி நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தீர்களா?"

"இல்லை தம்பி. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?"

தொடர்பு இருக்கிறது. கெட்டிப்பால் டின்னில் ஒரே ஒரு சிறு துளை போட்டுக் கவிழ்த்தால் பால் சிறிது வழிந்து நின்றுவிடும். அதனால்தான் வீட்டில் பெரியவர்கள் எதிரெதிராக இரண்டு துளைகள் போடுவார்கள். ஒன்றில் பால் இறங்கும். மற்றொன்றில் காற்று நுழையும். எரிபொருள் கலனும் அப்படித்தான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். காற்று வரும் வழி அடைபட்டால் கலனுக்குள் அழுத்தம் குறையும். பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் அழுத்துகிறது. உள்ளழுத்தம் அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே போதும், 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள கலன் சுவரின்மேல் 120 கிலோகிராம் எடையை ஏற்றியதற்குச் சமம். தகட்டுக் கலன் உள்நோக்கி நெளிந்துபோவதும் உண்டு.

இதற்கு நேர்மாறான தொல்லையும் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய மகிழுந்தில் பெட்ரோல் ஆவியாகி அழுத்தம் கூடும். ஆவி வெளியேற வழியில்லாவிட்டால், அது பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் தள்ளும். பெட்ரோல் நெடி வீசும். சூடான இயந்திரம் எளிதில் கிளம்பாது.

முற்கால மகிழுந்துகளில் மூடியிலேயே காற்றுத்துளை இருந்தது. ஆவி அதன் வழியே வெளியே கலந்தது. பெட்ரோல் ஆவியும் வாகனப் புகையும் வெயிலில் வினைபுரிந்துதான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டம் உண்டாகிறது என்று ஹாகன் ஸ்மிட் என்னும் அறிவியலாளர் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். அதன் பிறகு கலன் ஆவிக்குக் கட்டுப்பாடு வந்தது. கலிபோர்னியாவில் 1970-லும் அமெரிக்கா முழுவதும் 1971-லும் புதிய மகிழுந்துகளுக்கு அது கட்டாயமானது. ஆவியைக் கரித்துகள் நிரம்பிய ஒரு குப்பியில் பிடித்துவைத்து, இயந்திரம் ஓடும்போது எரிப்பதற்கு அனுப்பும் முறை பரவியது. மூடியிலிருந்த திறந்த துளை மறைந்தது. ஆனால், இரு வகை மூடிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சில வேளைகளில் ஒரே கழுத்தில் இரண்டும் பொருந்திவிடும்!

ஆசிரியரைக் குழப்பியது அந்த இருபது நிமிட ஓய்வுதான். காற்று வராத கலன், ஓய்வின்போது எங்கோ சிறு இடுக்கு வழியே சிறிது சிறிதாக மூச்சு வாங்கிக்கொள்ளும். சூட்டில் பழுதாகும் இக்னீஷன் காயிலும் ஆறியதும் வேலை செய்யும். குழாய்க்குள் ஆவி அடைத்துக்கொண்டாலும் ஆறினால் சரியாகும். ஆக, காத்திருந்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். காத்திருக்காமல் உடனே மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும். காற்று 'உஸ்' என்று உள்ளே இழுக்கப்பட்டு, இயந்திரமும் விரைவில் கிளம்பினால் காற்றுவழியில்தான் பழுது. மூடியைத் திறந்தும் பயனில்லை என்றால் மற்ற இரண்டையும் தேடலாம். வெயிலில் நின்ற மகிழுந்தில் காற்று வெளிநோக்கி இலேசாகச் சீறுவது இயல்பு; அதைப் பழுதென்று எண்ணக்கூடாது. இன்னொரு தடயமும் உண்டு. கலன் நிறைந்திருக்கும்போது காற்றுக்கான இடம் குறைவு. அதனால் அழுத்தம் விரைவில் விழும். பெட்ரோல் நிரப்பிய நாள்களில்தான் மகிழுந்து நிற்கிறது என்றால் ஐயம் வலுக்கும்.

மூடி சரியாக இருந்தால் அடுத்துக் காற்றுக்குழாயைப் பார்க்க வேண்டும். பழைய இரப்பர் குழாய்கள் இறுகி வெடிக்கும், மடங்கும். பூச்சிகளும் குடியேறும். 2011-இல் மாஸ்டா நிறுவனம், சிலந்தி வலை காற்றுக்குழாயை அடைக்கக்கூடும் என்பதற்காகவே ஆயிரக்கணக்கான மாஸ்டா 6 மகிழுந்துகளைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. குழாயைக் கலனிலிருந்து கழற்றிய பிறகே காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கலனுக்குள் காற்றைச் செலுத்தக்கூடாது. திறந்த வெளியில், நெருப்போ தீப்பொறியோ அருகில் இல்லாமல் செய்யும் வேலை இது. மூடியில் ஆணியால் துளை போடுவது சிலருடைய குறுக்குவழி. மகிழுந்து கவிழ்ந்தால் அதே துளை வழியே பெட்ரோல் ஒழுகும்.

பட்டறைக்காரர் ஆசிரியரின் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதில் துளையே இல்லை. பழைய மூடியைப் பெட்ரோல் நிலையத்தில் மறந்து விட்டுவந்ததும், உதிரிபாகக் கடையில் வேறொன்று வாங்கியதும் அப்போதுதான் ஆசிரியரின் நினைவுக்கு வந்தன. அது சரியாக இரண்டு மாதங்களுக்கு முன்பு.

காற்றுத்துளை உள்ள மூடியைப் பூட்டிக்கொண்டு அன்று மாலையே அவர் கோலாலம்பூர் திரும்பினார். வழியில் மகிழுந்து எங்கும் நிற்கவில்லை. கழற்றிப் போட்ட பழைய பம்பு பின்பெட்டியில் உருண்டுகொண்டு வந்தது. அதில் ஒரு பழுதும் இல்லை.