பாணர் கேட்டு வாங்கிய சங்கடம்

அன்புள்ள மக்ளே,

உன் ஹார்ப் டீச்சர் புதிதாக ஏதோ பாடம் எடுக்கிறார், நரம்பை மீட்டாமல் பலகையை விரல்முட்டியால் தட்டச் சொல்கிறார், நரம்பு அதிரும்போதே பெடலை நகர்த்தச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அதுகூடப் பரவாயில்லை. “யாழ் மாதிரி இதமான கருவியை ஏன் தாத்தா இப்படிப் பாடுபடுத்தணும்?” என்று முடித்திருந்தாயே, அதுதான் எனக்குக் கடுப்பு.

யாழ் இதமானது என்று உனக்கு யார் சொன்னது? வீணையைக் காட்டி யாழ் என்று மேடையில் முழங்குகிறவர்களா? விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ 1947-லேயே வந்துவிட்டது; அதைப் புரட்டிப் பார்க்க இவர்களுக்கு நேரமில்லை. மெட்டு இல்லாத, நரம்புக்கு ஒரு சுரம் என்று நிற்கிற உன் ஹார்ப்தான் யாழுக்குச் சொந்தம்.

தருமபுரத்தில் நடந்ததாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வதைக் கவனி. சம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் வாசித்துக்கொண்டே ஊர் ஊராகப் போகிறார். தருமபுரம் அவர் தாய் பிறந்த ஊர். அங்குள்ள உறவுக்காரர்கள், இவர் வாசிப்பதால்தான் பதிகத்துக்கே பெருமை என்று பேசிவிடுகிறார்கள். பாணருக்குப் பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒன்றைப் பாடியருள வேண்டும் என்று அவரே கேட்கிறார். யாழ்முறிப் பதிகம் பிறக்கிறது. நரம்பில் வரவில்லை, யாழை உடைக்க ஓங்குகிறார், சம்பந்தர் தடுத்து வாங்கிக்கொள்கிறார். கருவியில் வந்த அளவுக்கு வாசியும் என்று திருப்பிக் கொடுக்கிறார். பாணரும் கடைசிவரை கூடவே வாசித்தார். இதை யாழ் தோற்ற கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வாசிக்க முடியாததைக் கேட்டு வாங்கினவன் வாசிக்கிறவனேதான்!

இனி உன் ஹார்ப் பக்கம் வருவோம். 1963-ல் இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ, ஃபிரான்சிஸ் பியேர் என்ற ஹார்ப் கலைஞருக்காக இரண்டாம் ‘செக்வென்சா’ என்ற தனி ஹார்ப் படைப்பை எழுதினார். ஹார்ப் என்றால் நீளக்கூந்தல் பெண்கள் வருடுவது என்ற நினைப்பை உடைப்பதே பெரியோவின் நோக்கம். பலகையில் தட்டும் ஓசை அதிலும் உண்டு. உன் டீச்சர் சும்மா சொல்லவில்லை, மக்ளே.

இன்னொன்று. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்கிறான். நம்மூர் வில்லுப்பாட்டு வில்லை அதோடு ஒரே குடும்பத்தில் சேர்ப்பது என் பழைய பிடிவாதம். ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், போகட்டும். இசக்கியம்மன் கொடைவிழாவில், பாட்டை நடத்தும் அண்ணாவி மணி கட்டிய வில்லின் நாணை வீசுகோலால் அடிக்கிறார். பக்கத்தில் ஒருவர் குடத்தின் வாயைப் பத்தி என்ற மட்டையால் அறைகிறார். இது சங்கீதமா என்று நீ ஒருநாளும் கேட்டதில்லையே?

அடுத்த கொடைக்கு டீச்சரையும் கூட்டிக்கொண்டு வா. குடம் அடிக்கிறவர் பக்கத்தில் இடம் பிடித்துத் தருகிறேன். செருப்பை மட்டும் பத்திரமாக வைக்கச் சொல்.

அன்புடன்,
தாத்தா
நாகர்கோவில்