ஒரு கைப்பிடியில் பல கருவிகள்

தொழிலாளியின் பையில் கத்தி, திருப்புளி, குறடு எனப் பல கருவிகள் இருக்கும். அவற்றை ஒரே கைப்பிடிக்குள் மடக்கி வைத்தால் சுமை குறையும். இவ்வாறு உருவானதே பல்பயன் கருவி. அதன் வரலாற்றில் கார்ல் எல்செனர் என்பவருக்குத் தனியிடம் உண்டு.

எல்செனர் கத்தி செய்யும் தொழிலைக் கற்றவர். 1884ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் இபாக் என்னும் ஊரில் பட்டறை தொடங்கினார். அப்பகுதி அன்று வறுமையில் வாடியது. பலர் பிழைப்புத் தேடி அயல்நாடு சென்றனர். ஊரிலேயே வேலை கிடைத்தால் மக்கள் பிரிந்து செல்ல நேராது என எல்செனர் எண்ணினார்.

அக்காலத்தில் சுவிஸ் படைவீரர்கள் புதிய துப்பாக்கியைப் பெற்றனர். அதனைக் கழற்றத் திருப்புளி தேவைப்பட்டது. உணவு அடைத்த தகர டப்பாவைத் திறக்கவும் கருவி தேவைப்பட்டது. ஆகவே கத்தி, துளையிடும் ஊசி, டப்பா திறப்பான், திருப்புளி ஆகிய நான்கும் அமைந்த மடக்குக்கத்தியைப் படையினர் கேட்டனர். முதற்கத்திகள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 1891இல் எல்செனரும் பிற கத்திக் கொல்லரும் இணைந்து அப்பணியை ஏற்றனர். ஆனால் ஜெர்மானிய ஆலை குறைந்த விலைக்குக் கத்திகளை அளித்தது. உடனிருந்தோர் விலகினர். எல்செனர் கடனில் மூழ்கினார். எனினும் பட்டறையை மூடவில்லை.

அவர் சிந்தித்து ஒரு வழி கண்டார். ஒரே எஃகு வில், கைப்பிடியின் இருபுறத்துக் கருவிகளையும் தாங்குமாறு அமைத்தார். இதனால் கத்தியின் பருமன் கூடாமலே கருவிகள் பெருகின. 1897இல் பதிவுபெற்ற அக்கத்தி அவர் தொழிலைக் காத்தது. இன்றும் இபாக்கில் அக்கத்திகள் உருவாகின்றன. பலர் வேலை பெறுகின்றனர்.

1975இல் அமெரிக்கரான டிம் லெதர்மேன் பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி பழுதானது. அவரது மடக்குக்கத்தியில் குறடு இல்லை. ஊர் திரும்பியவர், குறடுடன் கூடிய கருவியை உருவாக்க முயன்றார். 1983இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று மின்பணியாளரும் இயந்திரம் பழுதுபார்ப்போரும் இத்தகைய கருவியை இடுப்பில் வைத்திருக்கின்றனர்.

சொற்பொருள்

திருப்புளி – திருகாணியைச் சுழற்றும் கருவி
குறடு – பற்றி இழுக்கும் கருவி
பருமன் – தடிப்பு

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. எல்செனர் பட்டறை தொடங்கியதன் நோக்கம் யாது?
2. அவர் கடனில் மூழ்கியது ஏன்?
3. எஃகு வில்லின் புதிய அமைப்பால் விளைந்த நன்மை யாது?

ஆ. பிரித்து எழுதுக.
1. முதற்கத்தி
2. அக்காலம்

இ. சிந்தித்து எழுதுக.
உம் வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர் எழுதுக.