வீட்டு வைஃபையிலேயே நெட்வொர்க் பழகலாம்: 10 குறிப்புகள்

துறைமுகம், கன்டெய்னர் யார்டு, அனல் மின் நிலையம், ஆலைகள் என்று வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லாமே இன்று நெட்வொர்க்கை நம்பித்தான் ஓடுகின்றன. அவற்றைப் பராமரிக்கும், பாதுகாக்கும் வேலைக்கு இந்தப் பகுதிப் பிள்ளைகளே வரவேண்டும். தொடங்குவதற்கு வீட்டு ரவுட்டரும் ஒரு பழைய லேப்டாப்பும் போதும்.

1. பெரிய சரக்கைப் பல கன்டெய்னர்களில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் சேருமிடமும் போட்டு அனுப்புகிறார்கள் அல்லவா? தகவலும் அப்படித்தான் பாக்கெட்டுகளாகப் போகிறது. சேருமிட முகவரியைக் கவனிப்பது ஐபி. வரிசைப்படுத்துவதும், வழியில் தொலைந்ததைத் திரும்ப அனுப்ப வைப்பதும் டிசிபி.

2. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுங்கள். 192.168 என்று தொடங்கும் எண் வந்தால், அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. 'டீஃபால்ட் கேட்வே' என்பது ரவுட்டரின் முகவரி. இரண்டையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

3. நெட் வரவில்லையா? அதே கமாண்ட் பிராம்ப்டில் முதலில் கேட்வேயை, அடுத்து கூகுளின் 8.8.8.8 முகவரியை, கடைசியாக ஓர் இணையதளப் பெயரை 'பிங்' செய்யுங்கள். முதலாவதே வராவிட்டால் கோளாறு வீட்டு வைஃபையில் அல்லது கேபிளில். இரண்டாவது வராவிட்டால் பெரும்பாலும் வெளி லைனில். பெயர் மட்டும் திறக்காவிட்டால், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்.

4. ரிச்சி தெருவில் கிரிம்பிங் கருவி, ஆர்ஜே45 முனைகள், சில மீட்டர் நெட்வொர்க் கேபிள் வாங்கி, முனை போடப் பழகுங்கள். முனையின் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலமாக வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசைதான். ஒரே கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது.

5. கடலோர வீடுகளில் உப்புக்காற்று பட்டு முனைகள் அரிக்கும். நெட் விட்டுவிட்டு வந்தால் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். மொட்டை மாடியில் ஜாயின்டைத் திறந்தபடி விடாதீர்கள். இடி இடிக்கும் முன்பே ரவுட்டரின் பவர் பிளக்கையும் வெளியிலிருந்து வரும் செம்புக் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

6. ரவுட்டருடன் வந்த அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வைஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு இல்லாமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்து வையுங்கள்.

7. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கோடு இணைந்த ஒரு கணினியில் வைரஸ் புகுந்தது. உலையை இயக்கும் அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் அறிவித்தது. வீட்டிலும் சிசிடிவி, டிவி, விருந்தினர் போன்களுக்கு 'கெஸ்ட்' நெட்வொர்க்கைத் தனியாகக் கொடுங்கள்.

8. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்னும் தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்திலும் வேலை நின்றது. அது பரவிய வழிகளில் ஒன்று விண்டோஸில் இருந்த ஓட்டை. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. முக்கியக் கோப்புகளைத் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள்.

9. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசரில் ரவுட்டர், சுவிட்ச் வாங்காமலே நெட்வொர்க் அமைத்துப் பழகலாம். வயர்ஷார்க்கில் உங்கள் பாக்கெட்டுகளைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டும் இலவசம். என்பிடெல் இணையதளப் பாடங்களைப் படிக்கவும் கட்டணமில்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். கல்லூரி மாணவர்கள் 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சிகளையும் விசாரியுங்கள்.

10. கற்றதை உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் சோதியுங்கள். அடுத்தவர் வைஃபைக்குள் அனுமதியின்றி நுழைவது, விளையாட்டாகச் செய்தாலும், வழக்கில் கொண்டுபோய் விடும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வீட்டில் யாராவது ஆன்லைனில் பணத்தை இழந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். இந்த எண்ணை அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி போன்களிலும் இன்றே பதிந்து கொடுங்கள்.