சுவரிலும் வில்லங்கம் உண்டு: வீட்டு ஆய்வாளர் ஆக ஒரு முழுமையான வழிகாட்டி

திருச்சியின் பெல் (பி.எச்.இ.எல்.) நகரியமான கைலாசபுரத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘இன்ஸ்பெக்‌ஷன்’ என்ற சொல் பள்ளிக்கூட வயதிலேயே பழக்கம். 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு எழுந்த பெல் கொதிகலன் தொழிற்சாலையில், தன் வெல்டு சரியாக இருக்கிறது என்று வெல்டரே சொன்னால் போதாது. அதை இன்னொருவர் சோதித்துப் பார்க்க வேண்டும். புதுக் கொதிகலன் என்றால் உள்ளே தண்ணீரை நிரப்பி, அது தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துப் பார்த்த பிறகே கையெழுத்து விழும். 1923ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்தின் வழியாக வந்த ஒழுங்கு அது.

அந்த ஒழுங்கிலேயே முப்பது வருஷம் உழைத்தவர் என் பெரியப்பா. ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் திரட்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய தனி வீடு வாங்கினார். வக்கீலை வைத்து 30 ஆண்டு வில்லங்கம் பார்த்தார். வீட்டுக்குள் இருந்தது அரை மணி நேரம். புதுப் பெயின்ட் பளிச்சென்று இருந்தது. சித்திரையில் கிரயம் முடிந்தது. ஐப்பசியில் கூடத்தின் மூன்று சுவர்களிலும் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் உப்பி உதிர ஆரம்பித்தது. “எத்தனை வெல்டைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமாடா? என் வீட்டை ஒழுங்காப் பார்க்காம விட்டுட்டேனே” என்றார். அந்தப் பேச்சுதான் என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தது. பத்திரத்தில் வில்லங்கம் தேடுகிற அளவுக்குச் சுவரிலும் தேட வேண்டும். தேடுவது எப்படி, அதையே தொழிலாகச் செய்வது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

## வீட்டு ஆய்வு என்பது எது?

விற்பவர், கட்டியவர், புரோக்கர் ஆகிய மூவரோடும் சம்பந்தமில்லாத ஒருவர், வீட்டை உடைக்காமல் தோண்டாமல், கண்ணுக்குத் தெரிவதையும் கருவியால் அறிய முடிவதையும் பார்த்து எழுத்தில் தருவதே வீட்டு ஆய்வு.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீடு எவ்வளவு பெறும் என்று சொல்வார். வக்கீல் அது யாருடையது என்று சொல்வார். கட்டடத்தின் உறுதிக்குச் சான்று தருவது பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. வீட்டின் இன்றைய உடல்நிலை என்ன, எதை உடனே கவனிக்க வேண்டும், எதற்கு நிபுணரைக் கூப்பிட வேண்டும் என்பதைச் சொல்வது ஆய்வாளரின் வேலை. குடும்ப மருத்துவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## படி 1: தகுதியைத் தேடிக்கொள்ளுங்கள்

அமெரிக்காவில் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் தேர்வு எழுதி உரிமம் பெற்றால்தான் இந்தத் தொழில் செய்யலாம். அங்கே வீட்டு ஆய்வாளர்களுக்கான தேசியச் சங்கம் 1976இலேயே உருவாகிவிட்டது. நம் நாட்டில் இதற்கெனத் தனி உரிமம் கிடையாது. தடுக்க ஆளில்லை என்பதால் நம் பொறுப்பு கூடத்தான் செய்கிறது.

சிவில் டிப்ளமோ அல்லது பட்டம் இருந்தால் நல்ல அடித்தளம். கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசராகப் பல வருஷம் நின்றவர்களுக்கும் கண் பழகியிருக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணய ஏடு ஐ.எஸ். 456, தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 இரண்டையும் படியுங்கள். பொருளை உடைக்காமல் சோதிக்கும் முறைகளில் ஆர்வம் இருந்தால், திருச்சிக்காரர்களுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் பெல் வளாகத்திலேயே இருக்கிறது. அங்கே சோதிப்பது உலோகத்தைத்தான். ஆனால் உள்ளே இருக்கும் குறையை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கிற மனப்பழக்கம் சுவருக்கும் பொருந்தும்.

ஏடு சொல்லித் தராத ஒரு பாடமும் உண்டு. பழைய வீடு இடிக்கிற இடத்தில் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள். எந்தக் கறைக்குப் பின்னால் எந்தக் கம்பி துருப்பிடித்திருந்தது என்று பாருங்கள். பிறகு சொந்தக்காரர், நண்பர் வீடுகளில் இருபதையாவது காசு வாங்காமல் ஆய்வு செய்து, ஒவ்வொன்றுக்கும் முழு அறிக்கை எழுதிப் பழகுங்கள்.

## படி 2: கருவிப் பையைச் சிறிதாகத் தொடங்குங்கள்

- நல்ல டார்ச், டேப், மடக்கு ஏணி
- ரசமட்டம், தூக்குக்குண்டு, தரைச் சரிவு பார்க்க ஒரு கோலிக்குண்டு
- டைல்ஸைத் தட்டிப் பார்க்கச் சிறு சுத்தி (‘டொக் டொக்’ என்று கூடாக ஒலித்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை)
- விரிசலின் அகலத்தை அளக்கும் அட்டை, கூர் சீவிய பென்சில்
- ஈரமானி, சாக்கெட் டெஸ்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்க டி.டி.எஸ். மீட்டர்

வெப்பப்படக் கேமராவைப் பிறகு வாங்கலாம். ஈரமான இடம் ஆவியாதலால் குளிர்ந்து தனி நிறத்தில் தெரியும். கான்கிரீட்டின் மேல் தட்டிப் பார்க்கும் ரீபவுண்டு சுத்தியை வைத்து வலிமையைக் கணித்தால் 25 சதவீதம் வரை கூடவோ குறையவோ வரும் என்று இந்தியத் தர நிர்ணய ஏடே எச்சரிக்கிறது. அந்த ஒற்றை எண்ணைக் காட்டி யாரையும் பயமுறுத்தவும் வேண்டாம், தைரியப்படுத்தவும் வேண்டாம்.

## படி 3: வீட்டுக்கு முன் ஊரைப் பாருங்கள்

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. ஆற்று மண்; ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீரும் மேலே வரும். பழைய வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தடுப்பு அடுக்கு இருக்காது. பெரியப்பா வீட்டிலும் அதுதான் கதை. கோடையில் மட்டும் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டுக்கு நற்சான்று கொடுக்காதீர்கள்.

கைலாசபுரத்திலிருந்து காட்டூர், திருவெறும்பூர் பக்கம் வந்தால் கேள்வி மாறும். உய்யக்கொண்டான் பாசனத்தில் வயலாக இருந்து மனையான இடங்களில், களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கூடவே அஸ்திவாரமும் அசையும். “இந்த மனை முன்னாடி என்னவா இருந்துச்சு?” என்று தெருவில் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். 2005 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்றும் கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரின் கறையோடு அவர் பதிலை ஒப்பிட்டுப் பாருங்கள்.

## படி 4: வரிசை மாறாமல் பாருங்கள்

வெளியிலிருந்து உள்ளே, மேலிருந்து கீழே. இந்த வரிசையை எந்த வீட்டிலும் மாற்றாதீர்கள். வீட்டுக்காரர் காபி கொடுத்து நடு ஹாலிலிருந்து காட்டத் தொடங்கினாலும், பணிவாக மாடிக்கு ஏறிவிடுங்கள்.

மொட்டை மாடி. தட்டோடுகளின் இடைவெளி திறந்திருக்கிறதா? மழைநீர்க் குழாயை நோக்கிச் சரிவு இருக்கிறதா? ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் தெரிந்துவிடும்.

மேல்தளத்தின் அடிப்பக்கம். பழுப்புக் கறை, பூச்சு பெயர்ந்த இடம், வெளியே தெரியும் கம்பி. இங்கே அவசரம் கூடாது. 2024 புத்தாண்டின்போது அரியமங்கலம் கீழ அம்பிகாபுரத்தில் ஒரு பழைய வீட்டின் மேற்கூரை இரவில் இடிந்து விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தின் 4 பேர் இறந்தார்கள். கைலாசபுரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். ஒவ்வொரு கூரையின் கீழும் அண்ணாந்து நிற்கும்போது அந்த வீடு என் நினைவுக்கு வரும்.

ஈரம். தரையிலிருந்து மேலேறினால் நிலத்து ஈரம். கூரையிலிருந்து இறங்கினால் மாடி. சுவரின் நடுவே திட்டாக இருந்தால் உள்ளே குழாய். குளியலறையின் பின்சுவரை அடுத்த அறையிலிருந்து பாருங்கள். புது பீரோ, காலண்டர், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடித்த பெயின்ட் இவற்றின் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

மின்சாரம். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அது 30 மில்லி ஆம்பியருக்கானதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா? ஒவ்வொரு மூன்று முனை சாக்கெட்டிலும் எர்த் இருக்கிறதா? மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருக்கும் வீடுகள் நிறைய.

தண்ணீர். போர் தண்ணீரின் டி.டி.எஸ். அளவைக் குறியுங்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2000ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது.

மரம். நிலைக்கால்களின் அடியில் கரையான் மண்கோடு தேடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் மெல்ல அழுத்தினால் உள்ளே கூடாக இருப்பது புரியும்.

## படி 5: விரிசலை வாசிக்கப் பழகுங்கள்

இந்தத் தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. “சார், அது சும்மா பூச்சு வெடிப்பு” என்று மேஸ்திரி சொல்வது பல சமயம் உண்மை. எப்போது உண்மை இல்லை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

- சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள்: பூச்சு காய்ந்து சுருங்கியது. பயமில்லை.
- தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் நேர்க்கோடு: இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு விதமாக நகர்கின்றன. கம்பி வலை வைத்துப் பூசலாம்.
- மேல்மாடியில் கூரைக்குச் சற்றுக் கீழே கிடைமட்டக் கோடு: திருச்சி வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது.
- ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல் சாய்வாக ஓடுவது, மேலே அகலமாகக் கீழே குறுகலாக இருப்பது: அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். கவனம்.
- கம்பி போகும் திசையிலேயே நீளமான கோடு, பழுப்புக் கறை, தட்டினால் கூடான ஒலி: உள்ளே கம்பி துருப்பிடித்து, உப்பி, கான்கிரீட்டைத் தள்ளுகிறது. உடனே கட்டமைப்புப் பொறியாளர்.
- தூணிலோ பீமிலோ குறுக்காகவோ சாய்வாகவோ விரிசல்: ஆய்வை அங்கேயே நிறுத்தி, அன்றே தெரிவியுங்கள்.

விரிசல் உயிரோடு இருக்கிறதா என்று அறிய எளிய வழி: அது முடியும் இடத்தில் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் காரணம் இன்னும் ஓயவில்லை. 2023 ஆகஸ்டில் ஸ்ரீரங்கம் கோயிலின் கிழக்கு வாசல் கோபுரத்தில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின் இடிந்து விழுந்தது. அங்கே விரிசல் முன்பே கண்ணில் பட்டிருந்தது. யாருக்கும் காயமில்லை என்பது நம் பாக்கியம். கண்டது மட்டும் போதாது, கண்டதன் மேல் நடவடிக்கை வேண்டும் என்பதை அந்த இரவு காட்டியது.

## படி 6: அறிக்கையைத் தமிழில் எழுதுங்கள்

ஒவ்வொரு குறைக்கும் நான்கு விவரங்கள்: எங்கே, என்ன, ஏன் கவலை, அடுத்து என்ன செய்ய வேண்டும். கூடவே தேதியிட்ட படம். குறைகளை ‘உடனே’, ‘ஒரு வருஷத்துக்குள்’, ‘கவனித்து வரலாம்’ என்று மூன்றாகப் பிரியுங்கள். பூட்டியிருந்த அறை, ஏற முடியாத மாடி போல் எதைப் பார்க்க முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். வீட்டின் எஜமானியம்மா படித்தால் புரிய வேண்டும். அவருக்குப் புரியாத அறிக்கை பீரோவுக்குள் போய்விடும்.

## படி 7: கையைச் சுத்தமாக வைத்திருங்கள்

கட்டணத்தைச் சதுர அடிக் கணக்கில் முன்பே பேசி, யார் அழைத்தாரோ அவரிடம் மட்டும் வாங்குங்கள். புரோக்கரிடம் கமிஷன் வாங்காதீர்கள். நீங்கள் குறை சொன்ன வீட்டில் பழுதுபார்க்கும் வேலையை நீங்களே எடுக்காதீர்கள். வெல்டு வைத்தவரே பாஸ் போடக்கூடாது என்ற பழைய விதிதான். “வாங்கலாமா, வேண்டாமா?” என்று கேட்பார்கள். முடிவு அவர்களுடையது, உண்மை நிலையைச் சொல்வதோடு நில்லுங்கள்.

## வாங்குபவர் எப்போது அழைக்க வேண்டும்?

பழைய வீடு என்றால் அக்ரிமென்ட் போடும் முன். புது அடுக்குமாடி என்றால் சாவி வாங்கும் முன். சென்னை புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய அரசுக் குடியிருப்பில் கை வைத்தாலே பூச்சு உதிர்கிறது என்று 2021இல் குடியிருப்போர் முறையிட்ட பிறகு, ஐ.ஐ.டி. நிபுணர் குழு வந்து ஆய்வு செய்தது. குடிவைக்கும் முன்பே அந்த ஆய்வு நடந்திருந்தால் எத்தனை குடும்பங்களின் கவலை மிச்சமாகியிருக்கும்!

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3)இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து கட்டுநரிடம் சொன்னால், அவர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். அதனால் நான்காம் ஆண்டு முடியும்போது ஒரு முறை ஆய்வு செய்துகொள்ளுங்கள். உரிமை கையில் இருக்கும்போதே ஆதாரமும் கையில் இருக்கட்டும்.

பெரியப்பா வீட்டில் சுவரின் அடியில் துளையிட்டு ஈரத்தடுப்பு மருந்து செலுத்தி, பழைய பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூசினோம். இப்போதும் ஒவ்வோர் ஐப்பசியிலும் அவர் சுவரின் பக்கத்தில் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். பிறகு பென்சிலை எடுத்துச் சுவரோரம் தேதி எழுதுகிறார். நீங்கள் ஆய்வாளர் ஆனாலும் ஆகாவிட்டாலும், இன்று இரவு தூங்கப்போகும் அறையிலிருந்து அப்படித் தொடங்குங்கள்.